1/10 பக்கிக்கு எந்த அளவு பிரஷ்லெஸ் மோட்டர்: 3650ஆ, 3660ஆ, 3674ஆ?

மார்ச் 2 (சுன்னாகத்துப் பெடியன் கேட்டது)

அண்ணை, என்னிடம் பழைய 1/10 பக்கி (உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவிலான ரிமோட் கார்) ஒன்று இருக்கிறது. பின்சில்லு மட்டும் இழுக்கும், மோட்டரும் பின்பக்கம். உள்ளே இருப்பது வெள்ளிக் கான் (மோட்டரின் உலோக உறை) 540 பிரஷ் மோட்டர். பற்றரி 2எஸ் (இரண்டு செல், 7.4 வோல்ற்று) 5000 மில்லி அம்பியர் மணி. சித்திரைக்கு ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா வருகிறார், பிரஷ்லெஸ் (உரசுகிற பிரஷ் இல்லாத) மோட்டரும் இ.எஸ்.சியும் (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கருவி) கொண்டுவரச் சொல்லப்போகிறேன். மூன்று பார்த்து வைத்திருக்கிறேன்: 3650 3900கேவி, 3660 3300கேவி, 3674 2250கேவி. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கேவி கூடினால் பவர் கூடும் என்று நண்பன் சொல்கிறான். அப்ப 3900தானே? ஓட்டுவது தோட்டத்துச் செம்மண்ணில், இடைக்கிடை மணற்காட்டில்.

மார்ச் 2, இரவு

இல்லை. ஒரு வோல்ற்றுக்கு, சுமை ஒன்றும் இல்லாமல், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைத்தான் கேவி சொல்கிறது. 3900கேவிக்கு 7.4 வோல்ற்று கொடுத்தால் வெறுமையாக 28,860 சுற்று. அது காரை இழுக்குமா, மணலில் நின்று அழுமா என்று அந்த எண்ணில் எழுதியிருக்காது.

நாலு விஷயம் எழுதும். பற்றரியோடு கார் எத்தனை கிராம்? பின் ரயரின் விட்டம்? ஸ்பரில் (மோட்டர் ஓட்டுகிற பெரிய பல்சில்லு) எத்தனை பல்? மோட்டர் இருக்கிற இடத்தில் நீளத்துக்கு எத்தனை மி.மீ. இருக்கிறது? இவை இல்லாமல் மோட்டர் சொல்வது குறிப்பு இல்லாமல் பொருத்தம் பார்க்கிற மாதிரி.

மார்ச் 3

தம்பி அளந்து முடிக்கும் வரைக்கும் எண்களை வாசிக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

3650 என்றால் விட்டம் 36 மி.மீ., நீளம் 50 மி.மீ. 3660க்கு நீளம் 60, 3674க்கு 74. மூன்றும் ஒரே தடிப்பு. 540 மோட்டர் பூட்டுகிற அதே 25 மி.மீ. இடைவெளித் துளைகளில் பெரும்பாலும் மூன்றையும் பூட்டலாம். பிரஷ் காலத்து ஆட்கள் 540 என்று சொல்வது ஏறக்குறைய இந்த 3650 அளவைத்தான். 550 என்றால் அதைவிடக் கொஞ்சம் நீளம். 1/8 கார்களுக்கு எண் 40, 42 என்று தொடங்கும்: 4068, 4074, 4268, 4274. அவை இந்தக் காருக்குள் போகாது, ஆசைப்பட வேண்டாம்.

நீளத்தை எல்லாக் கம்பனியும் ஒரே மாதிரி அளப்பதில்லை. மூடியோடு அளப்பவர்களும் உண்டு, கானை மட்டும் அளப்பவர்களும் உண்டு. பின்னால் வயர் வெளியே வரும் மோட்டர் என்றால் அது வளைந்து திரும்ப இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். தண்டையும் பாரும். 3650க்கு 3.17 மி.மீ.; பெரிய கான்களில் 5 மி.மீ. தண்டும் வரும். பினியனின் (தண்டில் பூட்டுகிற சின்னப் பல்சில்லு) துளை அதற்குப் பொருந்தவேண்டும். யாழ் ரவுணில் பினியன் தேடி அலைந்து பார்த்தவன் சொல்கிறேன், மோட்டரோடு சேர்த்து மூன்று நாலு பினியனையும் சித்தப்பாவின் பெட்டிக்குள் போட்டு எடுப்பியும்.

மார்ச் 3, கொஞ்சம் பிறகு

கலியாண வீட்டில் படம் எடுக்கப் போய்த் தென்னையில் மோதின ட்ரோனின் மோட்டர் நாலு தன்னிடம் சும்மா கிடக்கிறது, அதில் ஒன்றைப் பக்கிக்குப் போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். ட்ரோன் மோட்டரில் 2212 என்று இருந்தால் அது வெளி அளவு இல்லை. உள்ளே கம்பி சுற்றியிருக்கிற ஸ்ரேற்றர் 22 மி.மீ. விட்டம், 12 மி.மீ. உயரம் என்று அர்த்தம். அதோடு அதில் வெளி ஓடுதான் சுற்றும், பக்கமெல்லாம் திறப்பு. செம்மண் புழுதியில் ஓடவிட்டால் முதல் பின்னேரமே உள்ளே அரைபடும். பூட்டுகிற துளையும் பொருந்தாது. நாலையும் விற்று ஒரு 3650 வாங்கலாம். தென்னை சுகம்தானே?

மார்ச் 5

தம்பி அளந்து போட்டுவிட்டார். கார் 1,850 கிராம். ரயர் 86 மி.மீ. ஸ்பர் 78 பல், 48 பிற்ச் (பல்லின் பருமன்: ஒரு அங்குல விட்டத்துக்கு 48 பல்). கியர்பெட்டிக்குள் 2.6க்கு 1. மோட்டருக்கு இடம் 68 மி.மீ.

3674 தானாகவே விழுந்தது. இடம் இருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். 3650 இருநூறு கிராமுக்குக் கிட்ட வரும், 3674 முன்னூறைத் தாண்டும். மோட்டர் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற பக்கியில் அந்த நூறு கிராம் மூக்கைத் தூக்கிவிடும். மணலில் முன்சில்லு நிலத்தைப் பிடிக்காவிட்டால் ஸ்ரியரிங்கைத் திருப்பி என்ன, திருப்பாமல் என்ன.

இனிக் கணக்கு. ரயரின் சுற்றளவு 0.27 மீற்றர். 22 பல் பினியன் என்றால் 78ஐ 22ஆல் பிரித்து 2.6ஆல் பெருக்க 9.22 வரும். அதாவது மோட்டர் 9.22 தரம் சுற்றினால் சில்லு ஒருதரம் சுற்றும்.

3900கேவி, 2எஸ்: மணிக்கு 50 கிலோமீற்றர் சொச்சம்.
3300கேவி, 2எஸ்: 43க்குக் கிட்ட.
2250கேவி, 2எஸ்: 29.

எல்லாம் கடதாசியில். நிலத்தில் சுமை ஏறியவுடன் சுற்றுக் குறையும், ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுக் கனவு காணலாம்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் நண்பன் வென்றுவிட்டான் போல இருக்கும். ஆனால் மூன்றுக்கும் நான் போட்டது ஒரே பினியன். 3900க்கு 17 பல் போட்டால் 39 கிலோமீற்றர். 3300க்கு 20 பல் போட்டாலும் அதே 39. அப்ப எது பவர் கூடியது?

மார்ச் 8

மழைத் தூறலில் வெளியே போக வழியில்லை, ஆகவே கொஞ்சம் நீளமாக.

ஒரே கானுக்குள் 3900கேவி என்றால் தடித்த கம்பி, சுற்றுக் குறைவு. 2600கேவி என்றால் மெல்லிய கம்பி, சுற்றுக் கூட. உள்ளே அடைபடுகிற செம்பின் மொத்த அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு அம்பியருக்கு எவ்வளவு முறுக்குவிசை என்று பார்த்தால் 9.55ஐக் கேவியால் பிரித்து வரும் எண், நியூற்றன் மீற்றரில். 2600க்கு 0.0037. 3900க்கு 0.0024 சொச்சம். 3900 அதே முறுக்குவிசையைத் தர ஒன்றரை மடங்கு அம்பியர் குடிக்கும், ஆனால் கம்பி தடிப்பு என்பதால் மோட்டருக்குள் சூடு அதே அளவுதான். பினியனைச் சரியாகப் போட்டால் ஒரே கானில் இரண்டு கேவியும் ஒரே வேலையைத்தான் செய்யும். அந்தக் கூடுதல் அம்பியரின் பாரம் விழுவது பற்றரி, வயர், இ.எஸ்.சி ஆகியவற்றின் தலையில்.

அப்ப மோட்டருக்கு மோட்டர் வித்தியாசப்படுவது எதில்? கானில். செம்பும் காந்தமும் கூடினால் அதே சூட்டுக்குக் கூட முறுக்குவிசை கிடைக்கும். இரண்டு பக்க மூடியும் பெயாரிங்கும் பிடிக்கிற இடம் 3650க்கும் 3660க்கும் ஒன்றே. கூடுகிற 10 மி.மீ. முழுக்கக் காந்தத்துக்கும் செம்புக்கும் போகிறது. வெளியே பார்த்தால் ஐந்தில் ஒன்று நீளம் கூட, உள்ளே வேலை செய்கிற பகுதி அதைவிடக் கூடியிருக்கும்.

கானை எடையைப் பார்த்து எடுங்கள், கேவியைப் பற்றரியைப் பார்த்து எடுங்கள், மிச்சத்தைப் பினியனால் சரிசெய்யுங்கள். இந்த ஒழுங்கு மாறினால் காசு கரியாகும்.

1.5 கிலோவுக்கு உட்பட்ட பக்கி, இறுக்கமான நிலம், 2எஸ் என்றால் 3650 தாராளம், கேவி 3000க்கும் 3500க்கும் இடையில். தம்பியின் கார் 1,850 கிராம், அதோடு மணல். ஆகவே 3660 3300கேவி. மார்ச் 2இல் எடையைக் கேட்டது இதற்குத்தான்.

பெட்டியில் போட்டிருக்கிற வாற்றைப் பார்க்கவே வேண்டாம். 1,200 வாற்று என்று எழுதியிருக்கும். 60 அம்பியர் இ.எஸ்.சிக்கு 7.4 வோல்ற்றில் தொடர்ந்து தாங்குவது 444 வாற்று. மிச்சம் ஸ்ரிக்கர் அடித்தவனின் பவர்.

மார்ச் 9

கொக்குவிலிலிருந்து ஒருவர்: "அப்ப 3900ஐ வாங்கிச் சின்னப் பினியன் போட்டால் ஒன்றும் கெட்டுப்போகாதே, பிறகு வேகம் வேண்டும் என்றால் பெரிதாக்கலாமே?"

கடதாசியில் சரி. பூட்டப் போனால் வேறு கதை. 48 பிற்ச்சில் 78க்கும் 17க்கும் மையத்தூரம் 25.1 மி.மீ. 78க்கும் 20க்கும் 25.9. மோட்டர்த் தட்டில் இருக்கிற நீளத் துளை எவ்வளவு தூரம் விடுகிறது என்று முதலில் பூட்டிப் பாருங்கள். பல தட்டு 18, 19க்குக் கீழே விடாது. விடாவிட்டால் 3900 தேவைக்கு மேல் பெரிய பினியனோடுதான் வாழ்நாள் முழுக்க ஓடும், சூடும் அதோடு சேர்ந்து வரும். குறைந்த கேவிக்கு மேலே போக இடம் உண்டு, கூடின கேவிக்குக் கீழே இறங்க இடம் இல்லை.

மார்ச் 15

சூடு. இங்கே எல்லாருக்கும் கடைசியில் மோட்டர் எரிவது இதில்தான்.

சாதாரண நியோடிமியம் காந்தம் 80 பாகை செல்சியஸ் தாண்டும்போது நிரந்தரமாகப் பலம் இழக்கத் தொடங்கலாம். உயர்சூட்டு வகை இன்னும் தாங்கும், ஆனால் மலிவு மோட்டருக்குள் எந்த வகை என்று பெட்டி சொல்லாது. காந்தம் பலம் இழந்தால் நடப்பது வேடிக்கை: கேவி கூடும், வெறுமையாகச் சுற்றும்போது முன்னையைவிடச் சத்தம் போட்டு ஓடும், ஆளும் சந்தோஷப்படுவார். முறுக்குவிசை குறைந்திருக்கும். அதே இழுவைக்குக் கூட அம்பியர், அதனால் கூடச் சூடு, அதனால் இன்னும் பலவீனம். செம்பின் தடையும் பாகைக்கு 0.39 வீதம் ஏறும். 25இலிருந்து 85 ஆனால் 23 வீதம் கூட.

ஐரோப்பாவில் 20 பாகையில் நின்று எழுதின பினியன் அட்டவணையை இங்கே பங்குனி வெயிலில் 33 பாகையில் அப்படியே பின்பற்றினால் 13 பாகை ஏற்கெனவே போய்விட்டது. அட்டவணை சொல்வதிலிருந்து ஒரு பல், மணல் என்றால் இரண்டு பல் குறைத்துத் தொடங்குவது என் வழக்கம். ஓடி நிறுத்தின உடனே கான் 70க்குள் இருக்கவேண்டும்.

அளப்பது எப்படி? கொரோனாக் காலத்தில் வாசலில் நெற்றிக்குப் பிடித்த துப்பாக்கி எல்லா வீட்டிலும் ஒன்று கிடக்கிறது. அதை மோட்டருக்குப் பிடித்தால் "ஹை" என்று காட்டிவிட்டுப் படுத்துவிடும், ஏனென்றால் அது 43 பாகைக்குள் மனிதருக்கு அளக்கச் செய்தது. சிலவற்றில் மேற்பரப்பு என்று இன்னொரு தெரிவு இருக்கும், அதுவும் எல்லாவற்றிலும் 70க்குப் போகாது. ஒழுங்கான தொழிற்சாலை வகை ஒன்று வேண்டும்.

அதிலும் ஒரு பிடி இருக்கிறது. பளபளக்கிற அலுமினியக் கானுக்கு நேரே பிடித்தால் உண்மைச் சூட்டைவிட நன்றாகக் குறைத்துக் காட்டும். பளபளக்கிற உலோகப் பரப்பு அகச்சிவப்புக் கதிரை அவ்வளவாக வெளியே விடாது, பக்கத்தில் இருப்பதைப் பிரதிபலிக்கும். கானில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் ரேப் ஒட்டி, அந்தக் கறுப்பைக் குறிவைத்து, கிட்டப் பிடித்து அளக்கவேண்டும். ஒரே மோட்டர், ஒரே நேரம், வெள்ளிப் பக்கம் 41 காட்டியது, ரேப் 68 காட்டியது. வெள்ளிப் பக்கத்தை நம்பியிருந்தால் இன்னும் இரண்டு பல் ஏற்றியிருப்பேன்.

மார்ச் 16

விரலால் தொட்டுப் பார்க்கலாமே என்று கேட்கிறீர்கள். பார்க்கலாம். இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்க முடியாவிட்டால் 60ஐத் தாண்டிவிட்டது. அதற்குமேல் 65ஆ 85ஆ என்று விரலுக்கு விளங்காது. விளங்கவேண்டிய இடம் அங்கேதான்.

மார்ச் 16, பின்னேரம்

தம்பி கேட்ட உப கேள்வி: சித்தப்பா பற்றரியும் கொண்டுவரலாமா?

உதிரி லித்தியம் பற்றரி கைப்பையில்தான், கீழே போகிற பெட்டிக்குள் போடக்கூடாது. 100 வாற்று மணிக்குள் இருக்கவேண்டும். 2எஸ் 5000 என்றால் 37, 3எஸ் 5000 என்றால் 55.5, இரண்டும் பிரச்சினை இல்லை. முனைகளை ரேப்பால் மூடி, ஒவ்வொன்றையும் தனிப் பையில். எத்தனை கொண்டுவரலாம் என்பதை அந்தந்த விமானக் கம்பனியிடம் முதலே கேட்கச் சொல்லும். சித்தப்பா கட்டுநாயக்காவரை வந்து சேரவேண்டும்.

வீட்டில் தகரக் கொட்டிலுக்குள் லிப்போ (இந்த லித்தியம் பற்றரி) வைக்காதேயும். ஓடாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ற்றில் நிற்கட்டும்.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றுக் குறிப்பு. 2022இல் ஊரே பெற்றோல் வரிசையில் நின்றபோது எங்கள் ஒழுங்கையில் தவறாமல் ஓடின ஒரே வாகனம் 1/10 பக்கிதான். அதுவும் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள் வந்தவுடன் நின்றது.

மார்ச் 23

சுவிஸிலிருந்து ஒருவர் 1/8 பக்கி வைத்திருக்கிறாராம், மூன்றரைக் கிலோ, 4எஸ். கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவர நினைக்கிறார். 4268, 2000கேவி அளவு. 14.8 வோல்ற்றில் 29,600 சுற்று. மேலே தம்பிக்கு வந்ததும் 24 ஆயிரம் சொச்சம். காரின் அளவு எதுவானாலும் நல்ல பொருத்தங்கள் எல்லாம் இந்த 25, 30 ஆயிரத்தைச் சுற்றித்தான் வந்து நிற்கும். வோல்ற்று ஏறக் கேவி இறங்கும். பெட்டிகளில் ரோட்டரின் (உள்ளே சுற்றுகிற காந்தம்) உச்ச வரம்பு 50 ஆயிரம், 60 ஆயிரம் என்று போட்டிருந்தாலும் அந்த விளிம்பில் ஓடி ஒரு பயனும் இல்லை.

கொண்டுவாரும் அண்ணை. எஞ்சினுக்குள் போகிற காற்றைத் தூசி வடிகட்டத் தேவையில்லை, உங்கள் பக்கி பெற்றோல் இல்லைத்தானே.

மார்ச் 30

இலண்டனில் மருமகன் கிளப்பில் ஓடிய பழைய 13.5 ரேண் ரேஸ் மோட்டரைத் தரப்போகிறார், எடுக்கலாமா என்று கோப்பாயிலிருந்து கேள்வி.

ரேஸ் மோட்டர்களில் கேவிக்குப் பதில் கம்பிச் சுற்றின் எண்ணிக்கை எழுதுவார்கள். 17.5, 13.5, 10.5, 8.5 என்று இறங்க இறங்க வேகம் கூடும். 13.5 என்றால் ஏறக்குறைய 3000கேவி அக்கம்பக்கம். இலேசான 1/10 பக்கிக்கு அருமையான அளவு. சென்சர் வயரும் (ரோட்டர் நிற்கிற இடத்தை இ.எஸ்.சிக்குச் சொல்வது) இருக்கும், நின்ற இடத்திலிருந்து பஞ்சு மாதிரி எடுக்கும்.

பின் மூடியில் ரைமிங் (கம்பிக்கு மின் பாய்ச்சுகிற நேரத்தை முன்னுக்குத் தள்ளுவது) திருப்புகிற கோடு இருக்கும். கிளப்பில் ஓடியவர் என்றால் அதை மேலே ஏற்றி வைத்திருப்பார். பாதிக்கு இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். ரைமிங் ஏறினால் சுற்றும் ஏறும், சூடும் ஏறும்.

இன்னொன்று, அவை காற்றோட்டத்துக்குத் திறந்த கான்கள். கடற்கரை மணலில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள், கறுப்புப் பொடி ஒட்டினால் அதே பொடி ரோட்டரிலும் போய் ஒட்டும். புல்மோட்டையில் இல்மனைற் (இரும்பு கலந்த கறுப்பு மணல்) எடுக்கிறார்கள், அந்த அளவுக்கு எங்கள் பக்கம் இல்லாவிட்டாலும் ரோட்டருக்கும் கம்பிக்கும் இடையிலிருக்கிற மெல்லிய இடைவெளிக்கு ஒரு சிட்டிகை காணும். ஆகவே 13.5 முற்றவெளி மாதிரி இறுகின நிலத்துக்கு. மணற்காட்டுக்கு மூடின கான்.

ஏப்ரல் 6

டபிள்யூஎல்ரோய்ஸ் 144001 வைத்திருக்கிறவர்கள் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். அது 1/14, நாலு சில்லும் இழுக்கும், 2எஸ், உள்ளே 550 பிரஷ். துளை பொருந்துவதால் 3650 பூட்டலாம். ஆனால் அந்த இலேசான காருக்கு 3900 போட்டால் முதலில் போவது மோட்டர் இல்லை, பின் டிஃப் (இரண்டு பின்சில்லுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற பல்சில்லுத் தொகுதி). 3000க்கு மேல் போகவேண்டாம், இ.எஸ்.சியில் பஞ்ச் (punch, தொடக்க இழுப்பின் வேகம்) என்பதைக் குறைத்து வையுங்கள்.

ஏப்ரல் 7

பெட்டியில் உள்ள கேவி உண்மையா என்று பார்க்க ஒரு வழி, ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும். கொழும்புக் கடை ஒன்றிலிருந்து வந்த "3300" ஒன்றில் எனக்குச் சந்தேகம் வந்தபோது செய்தது இது.

கை ட்ரில்லின் சக்கில் மோட்டர்த் தண்டை மெல்லப் பிடித்து, கானைத் துணியால் சுற்றிக் கையில் இறுக்கி, ட்ரில்லை ஓடவிடுங்கள். மோட்டரின் மூன்று வயரில் எந்த இரண்டுக்கும் மல்ரிமீற்றரை ஏசியில் வையுங்கள். ட்ரில் 3000 சுற்று என்றால் 3300கேவிக்கு 0.64 வோல்ற்று வரவேண்டும், 3900க்கு 0.54. கணக்கு: சுற்றை, ஏசி வோல்ற்றை 1.414ஆல் பெருக்கி வருகிற எண்ணால் பிரிக்கவேண்டும். எனக்கு வந்தது 0.54. ஸ்ரிக்கர் மாறி ஒட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் சிரித்துவிட்டு "வேகம் கூடத்தானே அண்ணை" என்றார். தம்பியின் அந்த நண்பனுக்கு உறவுக்காரராக இருக்கவேண்டும்.

ஏப்ரல் 20

சித்திரை வருசப்பிறப்பு முடிந்தது, சித்தப்பா வந்தார், 3660 3300கேவி பூட்டியாயிற்று. தம்பி எழுதுவது: "20 பல் பினியன், தோட்டத்துச் செம்மண், பின்னேரம் ஐந்து மணி, ஐந்து நிமிடம் ஓடி ரேப்பில் 63, இ.எஸ்.சி 58. திறம் அண்ணை. அடுத்த நாள் மணற்காட்டில் அதே 20 பல், 81. ஓடத் தொடங்கும்போது திக்குது."

செம்மண்ணுக்கு 20ஐ அப்படியே வைத்திரும்.

மணலுக்கு 18. கடதாசியில் 35 கிலோமீற்றர் வரும், அந்த மணலில் அதற்குமேல் ஓடின பக்கியை நான் பார்க்கவில்லை. மணலில் சுமை கூட, கார் மெதுவாகப் போவதால் கானுக்குக் காற்றும் குறைவு. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் 81தான். இடையில் நிறுத்தி ஆறவிடும், மூச்சு விடாமல் ஒரு பற்றரியை முடிக்கவேண்டாம்.

திக்குவது வேறு காரணம். சென்சர் இல்லாத மோட்டரில், ரோட்டர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று இ.எஸ்.சிக்குச் சுற்றத் தொடங்கும் வரைக்கும் தெரியாது. சுற்றும்போது திரும்பி வருகிற வோல்ற்றை வைத்துத்தான் அது இடம் அறியும். மணல் சில்லைப் பிடித்து வைத்திருந்தால் முதல் அரைச் சுற்றே வராது, முன்னும் பின்னும் அடிக்கும். அப்படி அடிக்கும்போது கூட அம்பியர் பாய்வதால் இ.எஸ்.சிதான் முதலில் பாதிக்கப்படும். பினியன் குறைந்தவுடன் பாதி குணமாகும். மிச்சத்துக்கு திறொட்டிலைச் சட்டென்று அழுத்தாமல் உருட்டி எடுத்துப் பழகும்.

ஏப்ரல் 21

நேற்று எழுதினதை இரவு யோசித்துப் பார்த்தேன். மணல்தான் முக்கியம் என்றால் சென்சர் உள்ள, மூடின கான் 3660ஐத் தேடச் சொல்லியிருக்கலாமோ? ஆனால் உப்புக்காற்றில் அந்தச் சின்ன ஆறு முனை பிளக் எவ்வளவு காலம் தாங்கும்? வயர் கழன்றால் நல்ல இ.எஸ்.சி சென்சர் இல்லாமல் ஓட்டும், சிலது நின்றுவிடும். கிழமைக்கு ஒருதரம் மணலுக்குப் போகிற ஆளுக்கு இப்போது இருப்பதே போதும். மணலில் இருந்து வந்தவுடன் தூரிகையால் தட்டி, பெயாரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய். தண்ணீரால் கழுவ வேண்டாம்.

மே 4

தம்பி: "18 போட்டேன், மணலில் 69. இனி 3எஸ் போடட்டா?"

தெரியும், கேட்பீர் என்று.

3300கேவிக்கு 11.1 வோல்ற்று என்றால் 36,630 சுற்று. முழு சார்ஜில் 12.6, அப்போது 41,580. மோட்டர் உடனே சிதறாது. ஆனால் அதே 18 பல்லில் 52 கிலோமீற்றர் கியரிங் ஆகிவிடும், 69 இருந்த இடத்தில் என்ன வரும் என்று யோசியும். அதைச் சரிக்கட்ட 12 பல் பினியன் வேண்டும், தட்டுத் துளை அவ்வளவு விடாது. 3எஸ் வேண்டும் என்றால் அதற்கு 2250கேவி, அதுவும் 74 மி.மீ. கானில் இல்லை, அந்த 68 மி.மீ. இடத்துக்குள் போகிற கானில். 2250ஐ 11.1ஆல் பெருக்கிப் பாரும், 24,975. இப்போது 2எஸ்ஸில் ஓடுகிற 24,420க்குப் பக்கத்தில் நிற்கிறது. அதே வேலைக்கு அம்பியர் மூன்றில் ஒன்று குறையும், வயரில் போகிற சூடு பாதிக்கும் கீழே இறங்கும். நல்ல வழிதான், ஆனால் மோட்டரும் பற்றரியும் புதிது, இ.எஸ்.சியும் 3எஸ் தாங்குகிறதா என்று பார்க்கவேண்டும். அடுத்த சித்தப்பா வரும் வரைக்கும் 2எஸ்.

மே 4, இரவு

பினியன் மாற்றும்போது இரண்டு விஷயம், இதை முதலே எழுதாமல் விட்டுவிட்டேன். கிரப் திருகு (பினியனைத் தண்டோடு இறுக்குகிற தலையில்லாத சின்னத் திருகு) தண்டின் தட்டைப் பக்கத்தில் உட்காரவேண்டும், நீல லொக்டைற் (திருகு கழராமல் பிடிக்கிற பசை) ஒரு சொட்டு. பல் இடைவெளிக்குக் கொப்பி ஒற்றையில் ஒரு கீற்றைக் கிழித்து இரண்டு பல்சில்லுக்கும் இடையில் வைத்து இறுக்கி, பிறகு உருட்டி எடும். கீற்று கிழியாமல் மடிப்பு மடிப்பாக வந்தால் சரி. அலுமினியப் பினியன் மணலில் ஊசிப் பல்லாகிவிடும், இரும்பே போடும். 18இலும் 20இலும் இரண்டிரண்டு வாங்கி வைத்தால் கிழமை நாளில் மாற்றப் பஞ்சிப்பட வேண்டியதில்லை.